ஒரு மிதிக்கு இரண்டு சுற்று

துணிக்கடைக் குலுக்கலில் எனக்கு சைக்கிள் விழுந்தது. தீபாவளிக்கு எனக்கு இரண்டு சேலை, வீட்டுக்காரருக்கு ஒரு சட்டை எடுத்ததற்குக் கொடுத்த கூப்பன் அது. விழுந்தால் குக்கர் விழும், இல்லாவிட்டால் ஒன்றும் விழாது என்று டப்பாவில் போட்டுவிட்டு மறந்திருந்தேன். கடையிலிருந்து போன் வந்தபோது சிலிண்டர்காரர் என்று நினைத்து, "அடுத்த வாரம் வாப்பா" என்று வைத்துவிட்டேன். அவர்கள் மறுபடியும் கூப்பிட்டுச் சொன்னார்கள்: இருபத்தொரு கியர் வைத்த சைக்கிள்.

அன்று மாலை தண்டையார்பேட்டையில் எங்கள் சந்து முழுக்க அதே பேச்சு. முன்பக்கம் மூன்று பல்சக்கரம், பின்பக்கம் ஏழு. "மூணும் ஏழும் பத்து தானே, இருவத்தொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் எதிர்வீட்டு அக்கா. பெருக்க வேண்டும் என்றேன். "பெருக்குறது கூட்டுறதெல்லாம் வூட்டாண்டயே முடியல, ரோட்ல வேறயா" என்று உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். கைப்பிடியில் இருந்த கியர் குமிழ்கள் இரண்டையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "என் வண்டில நாப்பதடி பொட்டி ஏத்துறேன். அதுக்கே ஒம்போது கியரு தான் கீது. நீ இன்னாத்தமே ஏத்தப் போற?"

நான் ஏற்ற வேண்டியது ஒரு மேம்பாலத்தில் என்னை மட்டும்தான். திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறேன். மூன்று பெண்கள் சமைக்கிறோம். சமையலறைச் சாவி என்னிடம். ஐந்தே முக்காலுக்குள் அடுப்பைப் பற்றவைத்து, எரிகிற அடுப்பைப் படம் எடுத்து, மேற்பார்வை பார்க்கும் மேடத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோக்கள் காசிமேட்டிலிருந்து மீன் கூடைகளோடு வரும். இடம் இருக்காது, இருந்தாலும் கூடையை மடியில் வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். பஸ் வந்தால் அது டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் போய் நிற்கும். சைக்கிள் வந்த பிறகுதான் இந்தத் தொல்லையெல்லாம் விட்டது.

சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ரவையும் சேமியாவும் அளந்து எடுப்பார். எது முதலில் வேக வேண்டும் என்று சொல்வார். பத்தாவது கூட முடிக்காத என்னை நம்பி, ஓர் இடத்தைத் திற என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் அந்தச் சாவியை நான் பர்ஸில் வைப்பதில்லை, கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொள்வேன். தாலிக்குப் பக்கத்தில் இதென்ன என்று வீட்டுக்காரர் கேட்பார்.

சைக்கிளுக்குக் கேடு வந்தது என் அண்ணனால், அதைவிட என்னால். அண்ணன் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். எங்கள் பக்கத்தில் எது கிறீச்சிட்டாலும், எதில் துரு ஏறினாலும், படகில் வலை இழுக்கும் விஞ்சுக்குப் பூசும் கிரீஸ்தான் மருந்து. தாழ்ப்பாள், தையல் மிஷின், கிரைண்டர், ஒரு வீட்டில் மாமியாரின் சக்கர நாற்காலி வரைக்கும் அதைத்தான் பூசியிருக்கிறார்கள். உப்புக்காற்றில் சைக்கிள் செயின் லேசாகப் பழுத்ததைப் பார்த்த அண்ணன், ஊறுகாய் பாட்டில் நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

"கடலுக்குள்ளயே துரு புடிக்காம வெச்சுக்குது, ரோட்ல இன்னா ஆவும்? கஞ்சத்தனம் பண்ணாத, நல்லா அப்பு."

அப்பினேன். செயின், பின்னால் ஏழு பல்சக்கரம், முன்னால் மூன்று, செயினை இழுத்துப் பிடிக்கும் அந்த ஸ்பிரிங் வைத்த குட்டிக் கை, எதையும் விடவில்லை. கடலில் தூசி கிடையாது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. துறைமுகச் சாலையில் லாரிகள் சிந்தும் கரித்தூள், சிமென்ட், மணல் எல்லாம் அந்தக் கிரீஸில் வந்து குடியேறின. கொஞ்ச மாதத்தில் கியர் குமிழ் அசையவில்லை. பிறகு செயின் எகிறத் தொடங்கியது. மேம்பாலத்தில் ஏறும்போது அழுத்தி மிதித்தால் கால் திடீரென்று பிடிமானம் இல்லாமல் கீழே போகும். நெஞ்சு ஹாண்டில்பாரில் இடிக்கும். ஒரே வாரத்தில் இரண்டு நாள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு நாளும் அடுப்புப் படம் ஆறு மணிக்கு மேல்தான் போயிற்று.

வெள்ளிக்கிழமை மேடம் கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை, அதுதான் கஷ்டம். "உங்க மேல எனக்குக் கோபம் எல்லாம் இல்லம்மா. ஆனா எட்டு மணிக்குப் பிள்ளைங்க தட்டோட வந்து நிக்கிறாங்க. திங்கட்கிழமையும் லேட்டாச்சுன்னா சாவியை அவங்ககிட்ட குடுத்துடுங்க. அவங்க வீடு ஸ்கூலுக்குப் பின்னாடிதானே." அவர் சொன்ன 'அவங்க' எங்கள் மூவரில் ஒருத்தி. நல்லவள். அவளைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

சனிக்கிழமை மதியம் டோல்கேட் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், வாய் மட்டும் இருபது வயது பெரிது. செயினை விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார்.

"யக்கா, இது சைக்கிளா, மீன் புடிக்கிற லாஞ்சா?"

"துரு புடிக்கக் கூடாதுன்னு போட்டேன் தம்பி."

"துரு எங்கேர்ந்து புடிக்கும்? புடிக்கறதுக்கு இரும்பு இருந்தா தானே. உப்புத்தாள் வெச்சு ஒவ்வொரு பல்லா தேச்சுக்கீற." பின் சக்கரத்தைச் சுற்றி ஒரு பல்சக்கரத்தைக் காட்டினார். "தோ பாரு. ஏழுல இந்த நாலாவது மட்டும்தான் சுறா பல்லு மாரி மொனையாயிட்டுக்கீது. மீதி ஆறும் அயுக்கு, ஆனா பல்லு முயுசா கீது. நீ வேற கியரே போட்டதில்லயா?"

யோசித்துப் பார்த்தேன். சைக்கிள் வந்த முதல் வாரம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். பிறகு முன்னால் நடு, பின்னால் நாலு என்று வைத்தவள் அதைத் தொடவே இல்லை. பாலத்திலும் அதுதான், சமதரையிலும் அதுதான். இத்தனை மாதமாக இருபது கியரைச் சும்மா சுமந்துகொண்டு போய்வந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்தது.

புதிதாக எல்லாம் மாற்றினால் பாதி சைக்கிள் விலை ஆகும், மாதக் கடைசியில் உன்னால் ஆகாது, பேசாமல் காயலான் கடையில் போட்டுவிடு என்றார்.

"தேயாத ஒண்ணை மட்டும் வெச்சுக்கினு மீதியக் கயட்டிட்டா ஓடாதா?" என்று கேட்டேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கியரு வெச்சுக் குடுன்னு பத்து பேர் வந்துக்கீறான். கியர எறக்கிக் குடுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான். ஓடும். சரியா வெச்சா ஓடும்."

முதலில் மலிவான வழியைப் பார்த்தோம். குமிழ்களைக் கழற்றினார், கேபிள்களை உருவினார், ஸ்பிரிங் கையை எடுத்தார். செயின் தேய்ந்து நீண்டுவிட்டதால் சாதா சைக்கிளுக்குப் போடும் புதுச் செயின் ஒன்று வாங்கினேன். நான் புதிதாக வாங்கிய சாமான் அது ஒன்றுதான். அதை அளவாக வெட்டி, முன்னால் நடுச் சக்கரத்திலும் பின்னால் தேயாத ஐந்தாவதிலும் மாட்டினார். பார்க்க அழகாக இருந்தது. ஒரு சுற்று போய் வருகிறேன் என்று கிளம்பினேன்.

டோல்கேட் சிக்னல் வரைக்கும் போனேன். பச்சை விழுந்ததும் அழுத்தி ஒரு மிதி மிதித்தேன். பின்னால் 'கடக்' என்றது. செயின் தானாகவே பக்கத்தில் இருந்த பெரிய பல்சக்கரத்தில் ஏறிக்கொண்டு வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. பெடல் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "யம்மா, சிக்னலு மாறிக்கீது, நீ எப்ப மாறப் போற?"

பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். கியர் மாற்றும் சாமான் எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது; பிறகு மாற்றியது யார்?

அவர் ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துப் பல்சக்கரங்களைத் துடைத்துக் காட்டினார். பல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. சிலது குட்டை, சிலது ஒருபக்கம் சீவியிருந்தது. தகட்டின் பக்கவாட்டில் குட்டிக் குட்டிப் படி மாதிரி செதுக்கியிருந்தார்கள். "ஏறுறதுக்குன்னே படி கட்டி வெச்சுக்கீறான். செயினு கொஞ்சம் கோணலா போனா போதும், ஏறிடும். கியரு இல்லன்னு அதுக்கு யாரு போயி சொல்றது?"

நான் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் ஏறி உட்கார்ந்து போகிற வண்டியில் இவ்வளவு வேலைப்பாடு இருப்பது தெரியவே தெரியாது.

ஏழையும் எடுத்துவிட்டு, சாதா சைக்கிளில் இருக்கிற ஒற்றை ஃப்ரீ வீலைப் போட வேண்டும் என்றார். மிதித்தால் பிடித்துக்கொண்டு, மிதிக்காவிட்டால் டிக் டிக் என்று சும்மா ஓடுகிற அந்த வட்டம்தான் ஃப்ரீ வீல். புதியதில் மலிவானது பாலத்தில் வழுக்கும். "பழைய தண்ணி கேன் போடுற சைக்கிள்ல கயட்டுனது கெடச்சா எடுத்துக்கினு வா. அது மலையே ஏறும்."

ஞாயிறு காலையில் காயலான் கடையில் இருந்தேன். துருப்பிடித்த ஃபேன், கப்பல் சங்கிலி, பாத்திரம் என்று குவியல். கடைக்காரர் தெற்கத்திக்காரர், ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னார். எட்டு ஃப்ரீ வீல் கிடைத்தன. மெக்கானிக் சொல்லிக்கொடுத்தபடி நடுவளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளிவளையத்தைச் சுற்றி, சத்தத்தைக் கேட்டேன். மூன்று இறுகிக் கிடந்தன. இரண்டு எந்தப் பக்கம் சுற்றினாலும் சுற்றின. ஒன்று டிக் டிக் என்று வந்து நடுவில் ஒரு டிக்கை விழுங்கியது.

"என்னம்மா, தேங்கா வாங்குற மாதிரி காதுல வச்சுக் கேக்க?"

"உள்ள நல்லா இருக்கான்னு பாக்குறேண்ணே."

"அப்ப எனக்கும் ஒண்ணு குடுங்க." அவரும் காதில் வைத்தார். மீதி இருந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். அவர் தேர்ந்தெடுத்ததுதான் கடைசியில் சரியாக இருந்தது, பதினெட்டு பல். தராசில் வைத்தார், முள் அசையவில்லை. இதை எடை போட்டால் எனக்குத்தான் அசிங்கம் என்று டீக்கு ஆகும் காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சைக்கிள் கடைக்குத் திரும்பினால், ஏழும் சேர்ந்த பழைய கொத்து சக்கரத்தை விட்டு வர மறுத்தது. உப்பும் கிரீஸும் சேர்ந்து பிடித்திருந்தன. மெக்கானிக் உளியை வைத்து மூடியைத் தட்டித் திறந்தபோது, உள்ளே இருந்த பொடிக் குண்டுகள் கடை முழுக்கச் சிதறின. நான் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன்.

"யக்கா, தூக்கிப் போடப் போற சாமான். அத்த எதுக்குப் பொறுக்கிகினு கீற?"

"எத்தினி கீதுன்னு பாக்க வேணாமா?"

அறுபத்து மூன்று வரை எண்ணினேன். மீதி சாக்கடைக்குப் போய்விட்டது. அதற்குள் அவர் நடுப்பகுதியைப் பட்டறை வைஸின் இடுக்கில் கடிக்கவைத்து நிறுத்தியிருந்தார். நானும் அவரும் ரிம்மை இரண்டு பக்கம் பிடித்துச் சேர்ந்து திருகினோம். ஒரு பெரிய சத்தத்தோடு கழன்றது. அந்த இடத்தில் காயலான் கடை ஃப்ரீ வீலைப் பூட்டினார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் செயின் மறுபடி நழுவும். அண்ணன் வலை முடையும் நைலான் நூல் என் பையில் இருந்தது. அதை முன் பல்லிலிருந்து பின் பல்லுக்கு இழுத்துப் பிடித்தேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். விரற்கடை கோணல். அச்சின் வலதுபக்க வாஷர்களைக் கழற்றி இடதுபக்கம் போட்டார். இப்போது கோடு சரி, ஆனால் சக்கரம் ஒருபக்கமாக ஒதுங்கி நின்றது. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒருபுறம் இறுக்கி மறுபுறம் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்தார். கோட்டம் எடுக்க மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. அச்சு உட்காரும் காடி நீளமாக இருந்தது என் அதிர்ஷ்டம். சக்கரத்தைப் பின்னால் இழுத்தே செயினை இறுக்கிவிட முடிந்தது. விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப இறுக்குனா பேரிங்கு போவும், லூசா வுட்டா செயினு போவும். ரெண்டுக்கும் நடுவுல வுட்டுக்கீறேன்."

முன்னால் நடுப் பல்சக்கரத்தின் பல்லை சாக்பீஸ் வைத்து எண்ணினேன். ஒரு தடவை முப்பத்தைந்து வந்தது, இன்னொரு தடவை முப்பத்தாறு. முப்பத்தாறுதான். பின்னால் பதினெட்டு. "ஒரு மிதிக்கு சக்கரம் ரெண்டு சுத்து" என்றார். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, பெடலைச் சரியாக ஒரு வட்டம் சுற்றினேன். கோடு இரண்டு தடவை வந்து போனது. மறுபடி சுற்றினேன். மறுபடியும் இரண்டு. பஞ்சர் ஒட்ட வந்து நின்ற ஒருவர், இந்த அம்மா எவ்வளவு நேரம் இப்படிச் சுற்றும் என்று மெக்கானிக்கிடம் கேட்டார்.

"பாலத்துக்கு இது போதுமா?" என்றேன்.

"அத்த உன் காலு தான் சொல்லணும். என்னிய கேட்டா?" கடைசியாக ஒரு குட்டி பாட்டிலைக் கொடுத்தார். "மிஷின் எண்ணெய். ரெண்டு சொட்டு. அப்பால துணில தொடச்சுடணும். உங்க அண்ணன் கண்ணுல காட்டாத."

பாலம் வரை போய்ப் பார்க்க நேரமில்லை. வீட்டில் மாவு ஆட்ட வேண்டியிருந்தது. கழற்றிய சாமான்களை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இருவது கியரையும் பொட்லம் கட்டி இட்டாந்துக்கீற. நாளைக்குப் பாலம் ஏறலன்னா இன்னா பண்ணுவ?"

"எறங்கித் தள்ளுவேன்."

"தள்ளுனா லேட்டு. லேட்டானா சாவி." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பாலத்துக்குக் கீயவே வேகம் புடிச்சுக்கோ. நடுவுல போயி யோசிக்காத. நான் லோடு வண்டிய அப்டி தான் ஏத்துறேன்."

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிட்டேன். வண்டி சத்தமே போடவில்லை. மிதிப்பதை நிறுத்தினால் மட்டும் பின்னால் டிக் டிக் என்று பேசியது. சாலை ஓரம் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் பல் தேய்த்துக்கொண்டே எனக்கு வழிவிட்டார். பாலத்துக்குக் கீழே வந்ததும் என் வலது கட்டைவிரல் தானாகப் போய்க் குமிழைத் தேடியது. அங்கே வெறும் கைப்பிடிதான். ஒருநாளும் கியரை மாற்றாத விரல் இன்றைக்கு ஏன் தேடுகிறது என்று யோசிக்கத் தொடங்கி, யோசிக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, வேகம் பிடித்தேன்.

பாதிவரை வேகமே தூக்கிக்கொண்டு போனது. பிறகு பாலம் கனத்தது. சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் கால் அந்தப் பழைய மாதிரி பொக்கென்று கீழே போகுமோ என்று உடம்பு காத்துக்கொண்டே இருந்தது. போகவில்லை. செயின் பிடித்துக்கொண்டது. மூச்சுதான் போயிற்று. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி கிட்டத்தட்ட நின்றே விட்டது. அப்போது மோட்டார் பூட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். ஐஸ் தண்ணீர் அவர் வண்டியிலிருந்து சாலையில் ஒழுகியது.

"வுடாத வுடாத! இன்னும் நாலே மிதி!"

எண்ணினேன். பதினொன்று ஆனது. ஆனால் ஏறிவிட்டேன்.

இறக்கத்தில் ஒற்றை கியருக்கு வேலையே இல்லை. எவ்வளவு மிதித்தாலும் கால் சும்மா சுற்றுகிறது, சக்கரம் அதைவிட வேகமாகப் போகிறது. மிதிக்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

பூட்டைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, படம் எடுத்துப் போட்டபோது மணி ஐந்து முப்பத்திரண்டு. மேடம் ஒரு கட்டைவிரலை அனுப்பினார், வேறொன்றும் இல்லை. எனக்கு அது போதும். அடுப்பில் வாணலியை வைத்து ரவையைக் கொட்டி, சின்னத் தீயில் விட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வீடு இருக்கிறவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலைகூட வாரவில்லை.

"வந்துட்டியாக்கா! உனக்கு லேட்டானா சாவிய வாங்கிக்கணும்னு மேடம் என்னிய அஞ்சரைக்கே வரச் சொன்னாங்க. ராத்திரி பூரா தூக்கமில்ல. முந்நூறு புள்ளைக்கு எத்தினி படி ரவைன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"நான் சொல்லித் தர மாட்டேனா?"

"ஒண்ணும் வாணாம். நீயே வெச்சுக்கோ." அதற்குள் அவள் கண் சைக்கிளுக்குப் போய்விட்டது. "இன்னாக்கா, கியரெல்லாம் எங்க?"

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்திக் காட்டினேன். மூன்றாமவளும் வந்துவிட்டாள். டயரில் சாக்பீஸ் கோடு இன்னும் லேசாக இருந்தது. பெடலை ஒரு சுற்று சுற்றச் சொல்லி, கோடு இரண்டு தடவை வருவதைக் காட்டினேன். மூன்றாமவள் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினாள். டிக் டிக் டிக்.

"முன்னாடி சுத்துனா சத்தம் இல்ல, பின்னாடி சுத்துனா கீது. ஏன்க்கா? உள்ள இன்னா கீது?"

எனக்கும் அது தெரியவில்லை. பழைய கொத்தில் குண்டுகள் இருந்ததைத்தான் பார்த்தேன், டிக் என்று சொல்வது எது என்று பார்க்கவில்லை. "பிரிச்சுப் பாத்தா தான் தெரியும்" என்றேன்.

"பிரிச்சுப் போட்டுட்டு நாளைக்கு எதுல வருவ?" என்றாள் பின்வீட்டுக்காரி. "போக்கா, போயி ரவையக் கிண்டு. வாசன இங்க வரைக்கும் வருது."